பிறந்த இன்ஜினா, வந்து சேர்ந்த இன்ஜினா?

கேள்வி: ஓஹாயோவில் ஒரு 1969 செவர்லே கமாரோ விலைக்கு வருகிறது. “கோப்போ வண்டி, தொழிற்சாலையிலேயே 427 கன அங்குல இன்ஜின் போட்டது” என்கிறார் விற்பவர். வின் எண் (வண்டியின் அடையாள எண்) 124379 என்று தொடங்குகிறது. அந்த இன்ஜின் ஆலையிலேயே ஏறியது என்று நம்ப இது போதுமா?
– டொராண்டோ வாசகர்

பதில்: போதாது. அந்த எண்ணில் 1 செவர்லே, 24 வி8 கமாரோ, 37 கூப், 9 என்பது 1969. அடுத்த எழுத்து ‘என்’ என்றால் ஓஹாயோவின் நார்வுட் ஆலை, ‘எல்’ என்றால் லாஸ் ஏஞ்சலஸ். ஆறு சிலிண்டரா எட்டா என்பதற்கு மேல் இன்ஜினைப் பற்றி அது வாய் திறக்காது. சாதாரண 307 வண்டிக்கும் அதே தொடக்கம்தான். கமாரோவைச் சுற்றி இத்தனை கதை கிளம்ப இதுவே காரணம்.

இந்த அளவு வண்டியில் 400 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் வைக்கக் கூடாது என்று செவர்லேயின் தாய் நிறுவனமான ஜிஎம் தனக்குத்தானே தடை போட்டிருந்தது. டீலர்கள் அதைத் தாண்டிய வழிதான் கோப்போ எனும் சிறப்பு ஆர்டர். 9561 என்பது இரும்பு பிளாக் எல்72, 425 குதிரைத் திறன். 9560 என்பது முழு அலுமினிய இசட்எல்1. இசட்எல்1 மொத்தம் 69 வண்டிகள். அவற்றில் முதல் 50-ஐ ஆர்டர் செய்தது இல்லினாயின் லா ஹார்ப் ஊரில் இருந்த ஃப்ரெட் கிப் டீலர்ஷிப்.

இன்ஜின் அறையின் பின்சுவரில் இருக்கும், பாடி விவரங்கள் அடித்த டிரிம் தகட்டில் கோப்போ எண் இருக்காது. ஆனால் 1968 கடைசியிலிருந்து நார்வுட் தகடுகளில் ‘எக்ஸ்’ குறியீடு வரத் தொடங்கியது. 427 வண்டிகளில் பெரும்பாலும் எக்ஸ்44 இருக்கும். எக்ஸ்33, எக்ஸ்77 இருந்தால் அது இசட்28-ஆக, அதாவது சிறிய 302 இன்ஜின் வகையாகப் பிறந்த வண்டி. பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். எக்ஸ்44 இருப்பதாலேயே கோப்போ ஆகிவிடாது என்பதையும் மறக்காதீர்கள். எளிய கமாரோ பலவற்றுக்கும் அதே குறியீடுதான். லாஸ் ஏஞ்சலஸ் தகட்டில் எக்ஸ் குறியீடே கிடையாது.

அடுத்து தேதிகள். இங்கேதான் பொய் மாட்டும். பிளாக்கில் வார்ப்புத் தேதி புடைப்பாக இருக்கும்: ‘ஏ 20 9’ என்றால் 1969 ஜனவரி 20. வலப்பக்க ஹெட்டுக்கு முன்னால் தெரியும் சமதளத்தில் பஞ்ச் அடித்த எண் இருக்கும்: ‘டி0131எம்என்’ (T0131MN) என்றால் டோனவாண்டா ஆலை, ஜனவரி 31, நான்கு கியர் எல்72. ஆட்டோமேட்டிக்குக்கு எம்ஓ, இசட்எல்1-க்கு எம்எல், எம்எம். டிரிம் தகட்டில் ‘02சி’ இருந்தால் பாடி பிப்ரவரி மூன்றாம் வாரம். வார்ப்பு, அசெம்பிளி, பாடி என்று வரிசை சரியாக வருகிறது. வார்ப்புத் தேதி ‘டி’ (D), அதாவது ஏப்ரல் என்றிருந்தால், பிப்ரவரி பாடியில் அந்த இன்ஜின் எப்படி ஏறியிருக்கும்?

வின் எண்ணின் கடைசிப் பகுதியும் பிளாக்கில் இருக்க வேண்டும்: அதே சமதளத்தில், அல்லது ஆயில் ஃபில்டருக்கு மேலே. கியர்பாக்ஸிலும் அதே எண் வேண்டும். பின் ஆக்சில் குழாயில் ‘பிஇ’ (BE) குறியீடு, 4.10 விகிதம், 12 போல்ட் என்று பாருங்கள். இன்ஜினை மாற்றுகிறவர்கள் ஆக்சிலை மறந்துவிடுவது வழக்கம்.

கேள்வி: பிளாக்கின் வார்ப்பு எண் 3963512. இது 427 தானே?

பதில்: 1970-இலிருந்து 454-உம் இதே வார்ப்பில் வந்தது. இரண்டுக்கும் சிலிண்டர் துளை 4.25 அங்குலம், ஸ்ட்ரோக்தான் (பிஸ்டன் நகரும் தூரம்) முறையே 3.76-உம் 4.00-உம். இன்ஜினைப் பிரிக்காமல் பார்க்க ஒரு வழி: 427 உள்ளுக்குள்ளேயே சமன் செய்யப்பட்டது, 454-க்கு எடைச் சமன் வெளியே. 454-இன் முன்பக்க டாம்பரின் (அதிர்வைத் தணிக்கும் சக்கரம்) முகத்தில் ஒரு பகுதி குடைந்தெடுத்ததுபோல் இருக்கும். இசட்எல்1 என்று சொன்னால் காந்தத்தை ஹெட்டில் வைக்காதீர்கள், பிளாக்கில் வையுங்கள். இரும்பு பிளாக் 396-க்கே அலுமினிய ஹெட் ஆப்ஷன் இருந்தது.

கேள்வி: பஞ்ச் எண்ணையே போலியாக அடிக்க முடியாதா?

பதில்: தாராளமாக அடிக்கிறார்கள். எழுத்தை விட்டுவிட்டு அதன் அடியில் இருக்கும் உலோகத்தைப் பாருங்கள். ஆலையில் அந்தத் தளத்தைச் சீவிய எந்திரம், முன்னிருந்து பின்னாக மெல்லிய இணைகோடுகளை விட்டுச் சென்றிருக்கும். பிளாக்கை மேல்தளம் சீவினாலோ பழைய எண்ணைத் தேய்த்தாலோ அவை போய்விடும். கண்ணாடிபோல் வழவழப்பு, குறுக்குக் கீறல், வட்டத் தேய்ப்பு, நடுவில் லேசான பள்ளம் எல்லாமே சந்தேகத்துக்குரியவை. நேர்மையாக ரீபில்ட் செய்தபோது சீவிய பிளாக்கும் உண்டு. அப்போது எண் இருக்காது. சீவிய தளத்தில் புத்தம் புது எண் இருப்பதுதான் வில்லங்கம்.

இன்ஜின் ஆலையில் ஒரு முறையும் கார் ஆலையில் ஒரு முறையும் அடித்தவை ஆதலால், இரண்டு எண்களின் எழுத்துருவும் ஆழமும் ஒன்றுபோல் இருக்காது. அச்சு எடுத்ததுபோல் இரண்டும் ஒத்திருந்தால் ஒரே கை அடித்தது. பெயின்டை ரிமூவர் போட்டுத் துணியால் துடைத்தெடுங்கள். உப்புத்தாள், கம்பி வீல் கூடவே கூடாது, சாட்சியையே அழித்துவிடும். பக்கவாட்டில் டார்ச் அடித்துப் படம் எடுங்கள்.

‘சிஇ’ என்று தொடங்கும் எண் இருந்தால் அது வாரண்டியில் மாற்றித் தந்த பிளாக். மோசடி இல்லை, ஆனால் பிறந்த இன்ஜினும் இல்லை. விலையை அதற்கேற்பப் பேசுங்கள்.

கேள்வி: கிரைஸ்லரின் ஹெமி இன்ஜின் வண்டிகளுக்கும் இவ்வளவு பாடா?

பதில்: அங்கே வேலை குறைவு. வின் எண்ணின் ஐந்தாவது எழுத்தே இன்ஜினைச் சொல்லும்: 1968, 69-இல் ‘ஜே’, 1970, 71-இல் ‘ஆர்’ என்றால் 426 ஹெமி. 1970, 71 வண்டியின் ஃபெண்டர் தகட்டில் இ74 வேண்டும். இருக்கை ஸ்பிரிங்குக்குள்ளும் பெட்ரோல் டேங்கின் மேலும் பிராட்காஸ்ட் ஷீட் (ஆலையில் வண்டிக்கு என்னென்ன பூட்ட வேண்டும் என்று எழுதிய தாள்) சிக்கலாம். ஆகவே ஏமாற்றுபவர் இன்ஜினை மாற்ற மாட்டார். வின் தகட்டையே வேறு பாடிக்கு மாற்றுவார். 1971 ஹெமி ’குடா (பிளிமத் பாரகுடா) கன்வெர்ட்டிபிள் மொத்தமே 11 என்பதால் ஆசை பெரிது. ரேடியேட்டர் சட்டத்தில் அடித்த எண்ணையும் டேஷ் தகட்டின் பூவிதழ் ரிவெட்டையும் பார்க்காமல் பணத்தை நீட்டாதீர்கள்.

கேள்வி: 1970 செவர்லே செவல் ஒன்றில் எல்எஸ்7 இன்ஜின் ஆலையிலேயே வந்தது என்கிறார்களே?

பதில்: வரவில்லை. எல்எஸ்7 விளம்பரத்தாளில் அடிபட்டது, பிறகு உதிரிபாகக் கவுண்டரில் பெட்டியில் விற்றது. வண்டியில் ஏறி ஆலையை விட்டு வெளியே வரவில்லை. அந்த ஆண்டு செவலில் உச்சம் எல்எஸ்6, 450 குதிரைத் திறன். நான்கு கியருக்குக் குறியீடு சிஆர்வி.

கேள்வி: ஆலைப் பதிவு எங்கே கிடைக்கும்?

பதில்: 1967 முதலான ஃபோர்டுக்கு, ஆலைப் பதிவிலிருந்து எடுத்துத் தரும் மார்ட்டி ரிப்போர்ட். 1961 முதல் 1986 வரையிலான போன்டியாக்குக்கு, அதேபோல் ஆவணம் தரும் பிஎச்எஸ் நிறுவனம். ஃபோர்டின் பாஸ் 429 மஸ்டாங் என்றால் வின் எண்ணின் ஐந்தாவது எழுத்து ‘இசட்’, ஓட்டுநர் கதவில் ‘கேகே’ எண். அமெரிக்காவில் விற்ற பழைய செவர்லேக்கு அப்படி ஒரு கருவூலம் இல்லை. கனடாவில் முதலில் விற்றதென்றால் ஜிஎம் கனடா பதிவு உண்டு. டொராண்டோ வாசகர் ஓஹாயோ வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன், அது முதலில் எந்த நாட்டு டீலருக்குப் போனது என்று கேட்டுவிடலாம்.