ராத்திரி கத்துகிற பிள்ளைக்கு எங்கே வலி? – கேள்வி பதில்

ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் சி.பி. (பெருமூளை வாதம் – மூளை பாதிப்பால் உடம்பு அசைவு சரியாக வராத நிலை) உள்ள பிள்ளைகளுக்கு இருபது வருடமாக பிசியோ பார்க்கிறேன். டாக்டர் இல்லை, அதனால் மருந்து அளவு கேட்காதீர்கள்.

கொருக்குப்பேட்டை அம்மா: மகனுக்கு 7 வயது. பேச்சு வராது, நடக்க மாட்டான். ரெண்டு மாதமாக ராத்திரியில் கத்துகிறான், கையைக் கடித்துக்கொள்கிறான். பிடிவாதம் என்கிறார் மாமியார். மனநல டாக்டரிடம் காட்டட்டுமா அக்கா?

காட்டலாம், முதலில் வலியைத் தேடுங்கள். சி.பி. பிள்ளைகளில் நாலில் மூன்று பேருக்கு வலி உண்டு. வெளிக்கி ஒழுங்காகப் போகிறானா? பல் சொத்தையா? சாப்பிட்டுப் படுத்ததும் முதுகை வில்லாக வளைத்தால் எதுக்களிப்பாக இருக்கலாம். துணி மாற்றக் காலை விரிக்கும்போது அலறினால் இடுப்பைச் சந்தேகப்படுங்கள். நடக்காத பிள்ளைகளுக்குச் சதை இறுகி, தொடை எலும்பை மூட்டுக் குழியிலிருந்து மெல்ல மெல்ல வெளியே தள்ளும். ஆரம்பத்தில் வலிக்கவே வலிக்காது, எக்ஸ்ரேயில்தான் தெரியும். ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டரிடம் கேளுங்கள். முகம், கால், உடம்பு அசைவு, அழுகை, தேற்றினால் அடங்குவது – ஐந்துக்கும் 0, 1, 2 என்று மார்க் போட்டு (0 என்றால் சாதாரணம், 2 என்றால் மோசம்), 10க்கு எவ்வளவு என ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள். "எப்பவும் அழுறான்" என்றால் ஓ.பி. நெரிசலில் காதில் ஏறாது. நோட்டை நீட்டினால் பார்ப்பார்கள்.

செல்போன் வீடியோ பார்த்துப் பிள்ளையின் காலை இழுக்காதீர்கள்.

திருவொற்றியூர்: 4 வயது. எப்போது நடப்பான்?

சி.பி. பிள்ளை தானாக எவ்வளவு நடமாட முடியும் என்று சொல்ல, ஜி.எம்.எஃப்.சி.எஸ். என்று 1 (லேசானது) முதல் 5 (கடுமையானது) வரை நிலை இருக்கிறது. எந்த நிலை என்று கேட்டு வாருங்கள். அது தெரியாமல் நான் சொன்னால் ஜோசியம்.

வியாசர்பாடி: என் பையன் எப்போது நடப்பான்?

மேலே பாருங்கள்.

மணலி: மகளுக்கு 14. மூன்று வாரமாகச் சாப்பாடு, டிவி எதிலும் நாட்டமில்லை.

இது என் வேலை இல்லை, ஆனால் தள்ளிப்போடாதீர்கள். 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இன்றைக்கே கூப்பிடுங்கள்.

எர்ணாவூர்: எண்ணெய் தேய்த்தால் நடப்பானா?

மேலே பாருங்கள். வீடியோ பார்த்து இழுக்கவும் வேண்டாம்.

காசிமேடு அப்பா: மகளுக்கு 11, வீல்சேர். இப்படி வாழ்வதில் அவளுக்கு என்ன சந்தோஷம்?

அவளைக் கேட்டீர்களா? ஐரோப்பாவில் 8 முதல் 12 வயது வரை 500 சி.பி. பிள்ளைகளையே வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று கேட்டு 2007இல் ஓர் ஆய்வு வந்தது. பெரும்பாலான விஷயங்களில் மற்ற பிள்ளைகள் சொன்ன அளவுக்கே அவர்களும் சொன்னார்கள். வலி இருந்த பிள்ளைகள்தான் எல்லாவற்றிலும் பின்தங்கினார்கள்.

எண்ணூர் டீச்சர்: அது ஐரோப்பா மேடம். இங்கே லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி. பதில் சொல்ல முடியாத பிள்ளைகளை அவர்கள் கேட்கவும் இல்லையே?

அவர்களுக்காகப் பெற்றோர் சொன்னார்கள். பெற்றோர் மன அழுத்தத்தில் இருந்தால் பதிலும் இருண்டுதான் வரும்.

எண்ணூர் டீச்சர்: அழுத்தம் எதனால்? தினமும் சுமந்து இறங்குவதால்தானே?

சரி, மாடிப்படி விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி.

காசிமேடு அப்பா: இப்போதுதான் கேட்டேன். கீழே கூட்டிப்போ, கடல் பார்க்கணும் என்கிறாள்.

கக்கத்தில் பிடித்துத் தூக்காதீர்கள். ஒரு கை முதுகுக்கு, ஒரு கை தொடைக்கு அடியில். முட்டியை மடக்கித் தூக்குங்கள். படியில் இன்னொருவர் கூட இருக்கட்டும்.