குமாலோவின் வெண்கலமும் 3/10 என்ற எண்ணும்

வணக்கம். தென்னாப்பிரிக்கச் சிற்பி சிட்னி குமாலோ பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு, ஏலத்துக்கு வந்த அவருடைய வெண்கலச் சிற்பம் ஒன்றைப் பார்த்தேன். அடியில் 3/10 என்று பொறித்திருந்தது. எங்கள் வீட்டு சுவாமிமலை நடராஜரைப் போல இன்னொன்று கிடையாது என்பார் தாத்தா. அப்படியானால் குமாலோவுடையது நகல்தானே? அருங்காட்சியகங்கள் ஏன் இப்போது அவரைக் கொண்டாடுகின்றன?
வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

அன்புள்ள வாசகிக்கு,

நகல் இல்லை. தாத்தா சொன்னதும் சரிதான். சுவாமிமலையில் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த மெழுகில் ஸ்தபதி உருவைக் கையாலேயே செய்கிறார். அதன்மேல் வண்டல் மண் பூசிக் காயவைத்து, சூடாக்கி மெழுகை வடித்துவிட்டு உலோகத்தை ஊற்றுகிறார். மெழுகு உருகிப் போயிற்று, மண் அச்சையும் உடைத்தாக வேண்டும். அதனால் ஒன்றே ஒன்றுதான்.

குமாலோவின் முறையில் களிமண்ணிலோ பிளாஸ்டரிலோ மூல உரு. அதிலிருந்து ஓர் அச்சு எடுத்து, உள்ளே சில மில்லிமீட்டர் கனத்துக்கு மெழுகு படியவிடுவார்கள். நடுவில் வெப்பம் தாங்கும் கரு நிரப்பி, அது நகராதிருக்க ஆணிகள் குத்துவார்கள். பிறகு மேலே இன்னோர் அச்சு பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு வெண்கலத்தை ஊற்றுவார்கள். உள்ளே வெற்றிடம் இல்லாமல் பெரிய உருவை முழுக் கனமாக வார்த்தால் தடித்த பகுதி கடைசியில் குளிர்ந்து சுருங்கிக் குழி விழும். மூல உருவிலிருந்து எடுத்த முதல் அச்சு உடைவதில்லை, ஆகவே மறுபடியும் மெழுகு எடுக்கலாம். ஆனால் ஒவ்வொரு மெழுகிலும் அச்சின் விளிம்புக் கோட்டைச் சீவித் திருத்த வேண்டும். ஒவ்வொரு வார்ப்புக்கும் அரம் போட்டு, அமிலமும் சூடும் கொடுத்து நிறம் ஏற்ற வேண்டும். பத்துக்கு மேல் வார்ப்பதில்லை என்ற வரம்பில் இது மூன்றாவது, அவ்வளவுதான். அவருடைய வார்ப்புகள் பல பிரிட்டோரியாவின் ரென்சோ வின்யாலி பட்டறையில் நடந்தவை.

பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு: முடிந்த வெண்கலத்திலிருந்தே அச்செடுத்து வார்த்த திருட்டுப் பிரதி. வெண்கலம் குளிரும்போது ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டு பங்கு சுருங்கும். 50 செ.மீ. உருவம் சுமார் 1 செ.மீ. குறைந்து நிற்கும். பதிவான உயரத்தோடு அளந்து பாருங்கள். குமாலோவின் மேற்பரப்புக் கீறல்கள் மழுங்கியிருந்தாலும் சந்தேகம் கொள்ளுங்கள். அந்தச் சொரசொரப்பில்தான் அவர் கை இருக்கிறது.

ஏன் இப்போது என்கிறீர்கள். 1935இல் பிறந்து 1988இல் மறைந்தவர், 1966இல் வெனிஸ் பியனாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் இடம்பெற்றவர். இருந்தும் ஜோஹன்னஸ்பர்க்கின் பாலி ஸ்ட்ரீட் கலை மையத்தில் ஓவியர் செசில் ஸ்கொட்னெஸிடம் கற்றவர், சிற்பி எடோர்டோ வில்லாவிடம் பயின்றவர் என்றே பேச்சு முடிந்துவிடும். 2018இல் கேப் டவுனின் நோர்வல் ஃபவுண்டேஷன் அருங்காட்சியகம் குமாலோ, சிற்பி எஸ்ரோம் லெகே, வில்லா ஆகியோரை ஒரே கண்காட்சியில் வைத்தது. வில்லா இரும்பை வெட்டி ஒட்டும் வழிக்குப் போனவர். குமாலோ கடைசிவரை களிமண்ணின் திரட்சியை விடவில்லை. சேர்த்துப் பார்த்தால் மாணவன் என்ற பட்டம் அவருக்குப் பொருந்தவே பொருந்தாது.

வாங்கினால் ஒன்று சொல்ல வேண்டும். பூஜைச் சிலையைப் போலப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், ஏற்றிய நிறம் முழுக்கப் போய்விடும். டர்பன் கடற்காற்றில் உப்பு உண்டு. வெளிர்பச்சைத் தூள் புள்ளி கண்டால் தண்ணீர் படாமல் உலர்ந்த இடத்தில் வைத்து, உலோகப் பாதுகாப்பு தெரிந்தவரை அழையுங்கள். அது பரவும்.