அப்பாவின் இரைப்பைப் புற்று பயாப்ஸியில் ‘லிம்போசைட் ஊடுருவல் அதிகம்’ என்றால் புற்று பரவிவிட்டதா?

இல்லை, அது பரவலைச் சொல்லும் வரி அல்ல. உங்கள் அப்பாவின் இரைப்பை பயாப்ஸியில் ‘லிம்போசைட் ஊடுருவல் அதிகம்’ என்றால், உடம்பின் காவல் செல்கள் கட்டிக்குள் புகுந்திருக்கின்றன என்று பொருள். அதில் புற்றுச் செல்களைக் கொல்லும் சிடி8 டி செல்கள் நிறைய இருந்தால் பொதுவாக நல்ல அறிகுறிதான்.

இவ்வளவு கூட்டத்துக்கு அடிக்கடி காரணமாவது இரண்டு: எப்ஸ்டீன்-பார் வைரஸ் உள்ள கட்டி, அல்லது டிஎன்ஏ பிழைதிருத்தம் பழுதான எம்எஸ்ஐ வகை. 2014இல் வந்த டிசிஜிஏ என்ற புற்று மரபணு ஆய்வில், இரைப்பைப் புற்றுகளில் முதலாவது 9%, இரண்டாவது 22%.

அறிக்கையில் எம்எல்எச்1, பிஎம்எஸ்2, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6 என, டிஎன்ஏ பிழையைத் திருத்தும் நான்கு புரதங்களின் பெயர்கள் இருக்கின்றனவா பாருங்கள். எதற்காவது எதிரே ‘லாஸ்’ (இழப்பு) என்றிருந்தால் எம்எஸ்ஐ வகையாக இருக்கலாம். இம்யூனோதெரபி, அதாவது காவல் செல்களைப் புற்றுக்கு எதிராகத் தூண்டும் சிகிச்சை, பொருந்துமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நான்கு பெயருமே அறிக்கையில் இல்லையா? சரி, அந்தச் சோதனையை, எப்ஸ்டீன்-பார் வைரஸைக் கண்டறியும் ஈபர் சோதனையோடு சேர்த்துச் செய்யலாமா என்று கேளுங்கள். லேபில் மெழுகில் பதித்து வைத்திருக்கும் திசுவே பெரும்பாலும் போதும்.

ஒன்று, ‘லிம்போவாஸ்குலர் இன்வேஷன்’ வேறு சமாச்சாரம். பெயரைப் பார்த்துக் குழம்பாதவர்கள் குறைவு. அது புற்றுச் செல்களே ரத்த, நிணநீர்க் குழாய்க்குள் நுழைந்தது.

அப்புறம், எல்லாக் காவல் செல்லும் நம் பக்கம் இல்லை. மேக்ரோஃபேஜ் என்ற காவல் செல்களில் எம்2 வகை கட்டிக்கே துணைபோகும். அதனால் ஸ்டேஜ் தெரியாமல் இந்த ஒரு வரியை வைத்துக் கணக்குப் போட வேண்டாம்.