சீம்பால்ல மருந்து இருக்கா? கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

பால் லேப்ல வேலை பாத்து ரிட்டயர் ஆகி இப்ப கானாடுகாத்தான்ல இருக்கேன்.

காரைக்குடி தம்பி: அண்ணே, பால்லயே கிருமிய கொல்ற சரக்கு இருக்காமே, நெசமா?

நெசந்தான். லாக்டோஃபெரின்னு ஒரு புரதம், கிருமி வளர இரும்புச்சத்து வேணும்ல, இது அத முந்திக்கிட்டு புடிச்சு வச்சுக்கும். அதவிட சுவாரஸ்யம், இந்த புரதத்த வயித்துல இருக்க பெப்சின்ங்கற செரிமான என்சைம் வெட்டும்போது 25 அமினோ அமிலம் நீளத்துல ஒரு துண்டு விழும், லாக்டோஃபெரிசின்னு பேரு, 1992ல ஜப்பான்காரங்க கண்டுபுடிச்சது, முழு புரதத்தவிட துண்டுக்குத்தான் வீரியம் ஜாஸ்தி. துண்டுல பாசிட்டிவ் சார்ஜ், பாக்டீரியா மேல நெகட்டிவ், போய் ஒட்டி சவ்வையே கிழிச்சிரும். நம்ம செல்லுக்கு வெளிப்பக்கம் அந்தளவு சார்ஜ் இல்ல, அதனால தப்பிச்சோம்.

தேவகோட்டை ஆச்சி: அப்ப பேரனுக்கு காய்ச்சல்னா சீம்பால் குடுத்தா போதுமாப்பா?

போதாது ஆச்சி. சீம்பால்ல லாக்டோஃபெரின் நெறையத்தான் இருக்கு, ஆனா நீங்க வெல்லம் ஏலக்கா தட்டிப்போட்டு ஆவியில வேக வைக்கிறப்பவே அது முக்காவாசி உருக்குலைஞ்சிரும். அதுக்காக பச்சையா குடுத்துறாதீங்க, புரூசெல்லாங்கற கிருமி தொத்திக்கும். ருசிக்கு தின்னட்டும், காய்ச்சலுக்கு டாக்டர்ட்ட போங்க.

புதுவயல்லேர்ந்து: இவ்வளவு நல்லதுன்னா ஏன் சார் இன்னும் ஊசியா மாத்திரையா வரல?

லேப் டியூப்ல கொல்றது வேற, ஒடம்புல கொல்றது வேற சார். ரத்தத்துல இருக்க உப்பும் என்சைமும் இந்த சின்ன துண்டுகள ஒரு வழி பண்ணிரும். இங்கிலாந்துல கொற மாசத்துல பொறந்த 2203 கொழந்தைங்கள வச்சு ஒரு ட்ரையல், பாதி பேருக்கு பால்வழியா மாட்டு லாக்டோஃபெரின் குடுத்தாங்க, 2019ல ரிசல்ட் வந்துச்சு, தொற்று கொறையல. எனக்கே மனசு ஒடஞ்சு போச்சு.

பள்ளத்தூர் அக்கா: எங்க மாட்டுக்கு மடிநோய், ஒரு காம்பு கல்லாட்டம் இருக்கு. அதுக்காச்சும் ஆகுமா?

பால்ல இருக்க கேசின்ங்கற இன்னொரு புரதத்தோட துண்டு ஒண்ணு, இஸ்ராசிடின்னு பேரு, அத மாட்டு மடியில போட்டுப் பாத்து மடிநோயத் தடுக்குதுன்னு எழுதியிருக்காங்க. ஆனா நீங்க அதுக்கெல்லாம் காத்திருக்காதீங்க க்கா, இன்னிக்கே கால்நடை டாக்டர கூப்புடுங்க. அவர் வர்றதுக்குள்ள சோத்துக்கத்தாழ 250 கிராம், மஞ்சப்பொடி 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைச்சு, பால நல்லா கறந்து விட்டுட்டு மடி பூரா தடவுங்க. டாக்டர் ஆன்டிபயாடிக் போட்டா அவர் சொன்ன நாள் வரைக்கும் எந்தக் காம்புப் பாலையும் சொசைட்டிக்கு ஊத்தக்கூடாது, கன்னுக்குட்டிக்கும் விடாதீங்க.