வார்டில் மூன்று ஆக்ராய்டு

"அக்கா, இங்கிலாந்தின் ஹாலிஃபேக்ஸ் வந்து ஐந்து வாரம் ஆகிறது. என் வார்டில் ஒரே நேரத்தில் மூன்று நோயாளிகளுக்கு ஆக்ராய்டு என்றே சர்நேம். மூன்று பேருக்கும் சொந்தம் கிடையாதாம். இது நம் ஊர்ச் சாதிப் பெயர் மாதிரியா? கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வார்களா? இன்னொன்று, பாஸ்போர்ட்டில் என் சர்நேம் இடத்தில் அப்பா பெயர் இருக்கிறது. எல்லாரும் என்னை அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், என்ன செய்வது?" என்று கேட்டிருந்தாய்.

அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், அதனால் உரிமையோடு 'நீ' என்றே எழுதுகிறேன். நான் இங்கே வந்து 21 வருடம். அதில் 16 வருடம் ஒரு மருந்துக்கடை கவுன்டரில். காலையிலிருந்து மாலைவரை பெயர் கேட்பதுதான் என் வேலை. ஆக்ராய்டு, சட்கிளிஃப், கிரீன்வுட், பாரக்ளஃப் என்று இந்தப் பள்ளத்தாக்கின் பெயர்களை எழுத்து எழுத்தாகச் சொல்லக் கேட்டே என் ஆங்கிலம் தேறியது.

முதலில் சாதி விஷயம். இல்லை, அது ஊர்ப் பெயர். ஊர் என்றுகூடச் சொல்ல முடியாது, ஒரு குடும்பம் பயிர் செய்த நிலத்தின் பெயர். 'ஆக்' என்பது ஓக் மரம். 'ராய்டு' என்றால் காட்டை வெட்டித் திருத்திய இடம். ஓக் மரங்களை வெட்டி யாரோ ஒருவர் உழுத நிலம், அவ்வளவுதான் அந்தப் பெயர். அந்த இடம் நம் பக்கத்திலேயேதான் இருக்கிறது. ஹெப்டன் பிரிட்ஜ் ஊருக்கு மேலே, ஹெப்டன்ஸ்டால் கிராமத்துக்கு எதிர்ப்புறம், வாட்ஸ்வொர்த் என்று சொல்லும் மேட்டுப் பகுதியில். உன் ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம்.

இந்த 'ராய்டு' என்ற வால் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நம் ஊரில் 'பட்டி' என்று முடிந்தால் எந்தப் பக்கம் என்று ஓரளவு ஊகிக்கிறோமே, அதைவிடத் துல்லியமானது இது. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல் 'ரோட்' மாதிரி ஒன்று. இந்தப் பக்கத்துப் பேச்சில் 'ஓ' என்பது 'ஆய்' ஆகிவிடும். வந்த முதல் குளிர்காலத்தில் கடைக்கு வந்த ஒரு பெரியவர் என்னிடம், "புட் வுட் இன் தாயில், லவ்" என்றார். நான் எண்ணெய் கேட்கிறார் என்று நினைத்து ஆலிவ் ஆயில் பாட்டில் இருக்கும் அலமாரியைக் காட்டினேன். அவர் சொன்னது 'ஓட்டையில் மரத்தை வை', அதாவது கதவைச் சாத்து! 'ஹோல்' என்பதுதான் 'ஆயில்'. கரி கொட்டிவைக்கும் அறைக்கு, 'கோல் ஹோல்' என்பதற்கு, பழைய ஆட்கள் சொல்வது 'கோயில் ஆயில்'. நம் காதுக்கு விளக்கேற்றக் கூப்பிடுகிற மாதிரியே இருக்கும். அப்படித்தான் 'ரோட்' இங்கே 'ராய்டு' ஆனது. ராய்டு என்று முடியும் பெயரைக் கேட்டால் மேற்கு யார்க்‌ஷயர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ஹோல்ராய்டு, ஓல்ட்ராய்டு, மர்கட்ராய்டு எல்லாம் இதே குடும்பம். மர்கட்ராய்டு என்பது மார்கரெட் என்ற பெண் திருத்திய நிலமா, மேட்டுநிலத்துக்குப் போகும் பாதையை ஒட்டிய நிலமா என்று இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். எனக்கு மார்கரெட்டே இருக்கட்டும். நாடாளுமன்றக் கீழவையின் முதல் பெண் சபாநாயகர் பெட்டி பூத்ராய்டு, 1992 முதல் 2000 வரை அந்த நாற்காலியில் இருந்தவர், இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் டியூஸ்பரியில் பிறந்தவர்தான். (லவ் என்று கூப்பிட்டால் பயப்படாதே. இங்கே பஸ் டிரைவர் முதல் பாட்டிவரை எல்லாரும் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நம் 'ம்மா', 'ப்பா' மாதிரி.)

நிலத்தின் பெயர் ஆளுக்கு எப்படி ஒட்டிக்கொண்டது? கணக்கெழுதுபவர்களால்தான். இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க அந்தக் காலத்தில் வேக்ஃபீல்ட் பண்ணையாட்சியின் கீழ், அதாவது ஒரு பிரபுவின் நில நிர்வாகத்தின் கீழ் இருந்தது. அந்தப் பண்ணை நீதிமன்றத்தின் பதிவுச் சுருள்கள் 1274 முதல் இருக்கின்றன. யார் எவ்வளவு காட்டைத் திருத்தினார், யார் யாருக்கு நிலத்தை மாற்றிக் கொடுத்தார், யார் மாடு யார் வயலில் மேய்ந்தது என்று எல்லாம் அதில் உண்டு. ஊரில் பாதிப்பேர் ஜான், மீதிப்பேர் வில்லியம் என்றால் எழுத்தர் என்ன செய்வார்? 'அந்த ஓக் நிலத்து ஜான்' என்று எழுதுவார். 1379இல் தலைவரி வந்தது. சாதாரண ஆட்களுக்கு 4 பென்ஸ். மேற்கு ரைடிங் என்று அன்று சொன்ன இந்தப் பகுதியின் பட்டியல் நன்றாகத் தப்பிப் பிழைத்திருப்பதால், பெயர் ஆராய்கிறவர்களுக்கு அது பெரிய புதையல். அந்தக் காலகட்டத்திலேயே இங்கே குடும்பப் பெயர்கள் அப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போகத் தொடங்கிவிட்டன.

இங்கேதான் உன் மூன்று ஆக்ராய்டுகளுக்கு வருகிறேன். ஸ்மித் என்றால் கொல்லன், ஊருக்கு ஒரு கொல்லன் இருந்தான், ஆகவே ஸ்மித்துகளுக்குள் சொந்தம் தேட வேண்டியதில்லை. ஆனால் ஒரே ஒரு சின்ன நிலத்திலிருந்து வந்த பெயர் அப்படியில்லை. யார்க்‌ஷயர் பெயர்களை ஆயுள் முழுக்க ஆராய்ந்த ஜார்ஜ் ரெட்மண்ட்ஸ் என்ற வரலாற்றாளர், இந்தப் பக்கத்துப் பெயர்களில் பல ஒரே குடும்பத்திலிருந்து கிளைத்தவை என்று சொன்னார். அப்புறம் பக்கத்து ஹடர்ஸ்ஃபீல்டைச் சுற்றி நிறைய இருக்கும் சைக்ஸ் என்ற பெயரை எடுத்துக்கொண்டு, அதே பெயருள்ள மரபியல் பேராசிரியர் பிரயன் சைக்ஸ் 2000ஆம் ஆண்டில் ஒரு சோதனை முடிவு வெளியிட்டார். சொந்தமில்லாத சைக்ஸ் ஆண்களின் ஒய் குரோமோசோமை, அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் மரபுக்கூறை, பார்த்தால் கிட்டத்தட்டப் பாதிப்பேருக்கு ஒரே வகை. எழுநூறு வருடத்துக்கு முந்தைய ஒரே பாட்டனார்! ஆகவே உன் மூன்று பேரும் சொந்தமில்லை என்று சொன்னால் தலையாட்டிவிட்டு, மனதுக்குள் சிரித்துக்கொள்.

எழுத்துக்கூட்டல் விஷயத்தில் மட்டும் கவனம். 'சி'யோடு ஆக்ராய்டு உண்டு, 'சி' இல்லாமலும் உண்டு, நடுவில் 'ஒய்' போட்டு அய்க்ராய்டு உண்டு. மலைக்கு அந்தப்புறம் லங்காஷயர் நெல்சன் பக்கம் போனால் எக்ராய்டு ஆகிவிடும். பழைய எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார், பிள்ளைகள் அதையே பிடித்துக்கொண்டார்கள். ஒருமுறை ஒரே தெருவில் இரண்டு ஜே. ஆக்ராய்டு. ஒருவருக்கு ரத்த அழுத்த மாத்திரை, மற்றவருக்குச் சர்க்கரை மாத்திரை. அவசரத்தில் பெயரை மட்டும் கேட்டு நான் பையை மாற்றிக் கொடுத்துவிட்டேன். நல்லவேளை, வாங்கிப் போனவர் வீட்டுக்குப் போய்ப் பையைப் பிரிக்காமல் மேலே ஒட்டியிருந்த முகவரியைப் பார்த்துத் திரும்பி வந்து, "ராங் ஆக்ராய்டு, லவ்" என்று மேசைமேல் வைத்தார். அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. உன் வார்டில் மூன்று பேர் என்கிறாய். பெயரைச் சொல்லி "சரிதானே?" என்று கேட்காதே, காது கேட்காதவர்கள் எதற்கும் 'யெஸ்' என்பார்கள். அவர்களையே பெயரும் பிறந்த தேதியும் சொல்லச் சொல், கைப்பட்டையில் இருக்கும் எண்ணோடு ஒத்துப் பார்.

இன்றைக்கு இந்தப் பெயர் எங்கெல்லாம் இருக்கிறது என்று கேட்டால், போனவர்கள் போயிருக்கிறார்கள், இருந்தவர்கள் இருக்கிறார்கள். லண்டனில் ஆய்வாளர்கள் 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் 1998 வாக்காளர் பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு பெயருக்கும் வரைபடம் போட்டார்கள். இந்த மாதிரி இடப்பெயர்கள் நூறு வருடத்துக்கு அப்புறமும் பிறந்த இடத்தைச் சுற்றியே அடர்த்தியாகக் கிடப்பது அதில் தெரியும். ஆக்ராய்டுக்குப் பிராட்ஃபோர்டும் ஹாலிஃபேக்ஸும்தான் நெஞ்சுப் பகுதி. ஆலைகளில் இங்கேயே வேலை கிடைத்தது, எதற்கு நகர வேண்டும்? அந்த ஆலைகளிலும் ஒரு ஆக்ராய்டு உண்டு. எட்வர்ட் ஆக்ராய்டு, கம்பளி நூல் முதலாளி, எம்.பி., 1859இல் ஏழைகள் சில்லறை சேமிக்க யார்க்‌ஷயர் பென்னி பேங்க் தொடங்கியவர். தொழிலாளர்களுக்கென்று ஆக்ராய்டன் என்று ஒரு குடியிருப்பே கட்டினார். தெருக்களுக்கெல்லாம் யார்க், ரிப்பன் என்று பெரிய தேவாலயம் உள்ள ஊர்களின் பெயர். அவருடைய மாளிகைதான் இப்போது பேங்க்ஃபீல்ட் மியூசியம். ஓக் நிலத்திலிருந்து ஆளுக்கு, ஆளிடமிருந்து மறுபடி ஊருக்கு என்று பெயர் ஒரு சுற்று வந்துவிட்டது பார். கடல் தாண்டியும் போயிருக்கிறது. ஹாலிவுட் நகைச்சுவை நடிகர் டேன் அய்க்ராய்டு கனடாக்காரர்.

ஆனால் உனக்கு நெருக்கமான அய்க்ராய்டு வேறொருவர். உன் அப்பா தபால் துறையில் ஓய்வு பெற்றவர் என்று எழுதியிருந்தாயே, இந்தப் பெயரை அவரிடம் சொல்லிப் பார். ஏழாவது ஊதியக்குழு குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 18,000 ரூபாய் என்று கணக்குப் போட்டது 'அய்க்ராய்டு ஃபார்முலா'வை வைத்துத்தான். டாக்டர் வாலஸ் அய்க்ராய்டு 1935 முதல் 1945 வரை நம் குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வகத்தின் இயக்குநர். எந்த அரிசியில், எந்தப் பருப்பில், எந்தக் கீரையில் என்ன சத்து என்று இந்திய உணவுகளை அளந்து பட்டியல் போட்டவர். புழுங்கல் அரிசிக்கும் தீட்டிய பச்சரிசிக்கும் உள்ள வித்தியாசத்தில் அவருக்குத் தனி அக்கறை. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,700 கலோரி, நான்கு பேர் குடும்பத்துக்கு வருடத்துக்கு 72 கஜம் துணி என்று 1957 இந்தியத் தொழிலாளர் மாநாடு குறைந்தபட்சக் கூலிக்கு அளவுகோல் வைத்தபோது, சாப்பாட்டுக் கணக்கு அவருடையது. யார்க்‌ஷயர் மேட்டில் யாரோ வெட்டிய ஓக் மரத்தின் பெயர் உங்கள் வீட்டுச் சம்பளச் சீட்டுக்குள் இருந்திருக்கிறது, உன் அப்பாவின் சங்கத்துக்காரர்கள் அதைக் கோஷமாகவே போட்டிருப்பார்கள்.

கேட்கலாமா என்றால், தாராளமாகக் கேள். "உங்கள் சர்நேமுக்கு என்ன அர்த்தம்?" என்று பரீட்சை வைக்காமல், "உங்கள் குடும்பம் ஹெப்டன்ஸ்டால் பக்கமா?" என்று கேட்டுப் பார். நம்மிடம் யாராவது "நீங்க எந்த ஊரு?" என்று கேட்டால் முகம் மலருமே, அப்படி மலரும். ஆனால் ஒன்று, ரேம்ஸ்பாட்டம், ஷஃபிள்பாட்டம் என்று யாராவது வந்தால் சிரித்துவிடாதே. பாட்டம் என்றால் இங்கே பள்ளத்தாக்கின் அடிநிலம். பள்ளிக்கூடத்திலிருந்தே கேலி கேட்டுக் கேட்டு அவர்களுக்கு அலுத்துப்போயிருக்கும்.

சாதியா என்று நீ கேட்டதும் எனக்குப் புரிகிறது. பெயரின் பின்பாதியைக் கேட்டாலே நமக்கு அந்தப் பழைய கணக்கு ஓடத் தொடங்கிவிடுகிறது. ஆனால் ஊரைப் பெயரில் வைத்துக்கொள்வது நமக்கும் புதிதில்லை. ஈ.வெ.ரா.வின் 'ஈ' ஈரோடு, சி.என். அண்ணாதுரையின் 'சி' காஞ்சிபுரம், ஆங்கிலத்தில் அன்று கான்ஜீவரம். நாம் ஊரை முன்னால் ஒற்றை எழுத்தாக வைத்தோம், இவர்கள் பின்னால் முழுதாக வைத்தார்கள்.

சரி, உன் சர்நேம். எனக்கும் அதே கதைதான். அப்பா பெயர் சண்முகம். கல்யாணமானவள் என்று குறித்திருந்ததால் இங்கே நான் 'மிஸஸ் சண்முகம்'. என் அப்பாவுக்கே மனைவியாக்கிவிட்டார்கள் என்று ஊரில் சொன்னபோது அம்மா மூன்று நாள் சிரித்தாள். ஐம்பது தாண்டியதும், மார்பகப் பரிசோதனைக்கு வாருங்கள் சண்முகம் அவர்களே என்று கடிதம் வேறு.

மாற்ற நினைத்தால் முதலில் இந்தியப் பாஸ்போர்ட்டில் மாற்று. இங்கே விசாப் பதிவு பாஸ்போர்ட் பெயரைத்தான் பிடித்துக்கொள்ளும், ஒன்றில் மாற்றி இன்னொன்றில் விட்டால் அலைச்சல். மாற்றவில்லை என்றால் நர்சிங் பதிவு, வங்கி, சம்பளம் எல்லாவற்றிலும் ஒரே வரிசையில் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கட்டும். அன்றாடம் கூப்பிடுவதற்கு வழி சுலபம். 'ஹலோ மை நேம் இஸ்' என்று ஒரு பெயரட்டை உண்டு. யார்க்‌ஷயர் மருத்துவர் கேட் கிரேஞ்சர், தானே புற்றுநோயாளியாகப் படுத்திருந்தபோது, வந்தவர்கள் பெயர்கூடச் சொல்லவில்லை என்று வருந்தி 2013இல் தொடங்கியது. அதில் உன் பெயரை மட்டும் போடச் சொல், அப்பா பெயர் வேண்டாம்.

ஒரு ஞாயிறு லீவு கிடைத்தால் சொல், ஹெப்டன்ஸ்டால் போகலாம். 1847 புயலில் சிதைந்த பழைய தேவாலயம் இன்னும் கூரையில்லாமல் நிற்கிறது. சுற்றிலும் கல்லறைக் கற்கள் தரையோடு தரையாகப் பாவியிருக்கும், நடந்தால் பெயர்மேல்தான் நடக்க வேண்டும். கிரீன்வுட், சட்கிளிஃப் என்று உன் வார்டு லிஸ்ட்டையே படிக்கிற மாதிரி இருக்கும். நல்ல ஷூ போட்டு வா, ஏற்றம் செங்குத்து. குடை வேண்டாம், அந்தக் காற்றுக்கு நிற்காது, ஹூட் வைத்த கோட்டு எடுத்துக்கொள்.