வாசகர் கேள்வி: காட்டு மண்ணும் பூச்சாடி மண்ணும்

கேள்வி: சிங்கராஜ வனத்தில் எவரும் உரமிடாமலே மரங்கள் ஓங்கி வளர்கின்றன. என் மொட்டை மாடிக் கத்தரிச் செடிகளோ யூரியா இட்டும் சோர்ந்து நிற்பது ஏன்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: அந்த வனத்து மண் வளமானது என்று நீங்கள் எண்ணினால் அது பிழை. பெருமழையில் கழுவுண்ட அந்த அமில மண்ணில் போசணை குறைவு; உதிரும் இலைகளைப் பங்கசுகளும் பற்றீரியாக்களும் சிதைக்க, வெளிவரும் போசணையை மழை அடித்துச் செல்லுமுன் வேரோடு இணைந்த பங்கசு இழைகள் உறிஞ்சி மரத்துக்குக் கொடுத்து, பதிலுக்கு வெல்லம் பெறுகின்றன. இந்தக் கூட்டுவாழ்வுக்கு 1885இல் 'மைக்கோரைசா' எனப் பெயரிட்டவர் ஜெர்மானியரான ஆல்பர்ட் பிராங்க்.

வயலில் அடிக்கடி உழுவது இவ்விழைகளை அறுத்துவிடுகிறது; பொசுபரசு உரம் மிகுந்தாலோ செடியே இக்கூட்டைக் குறைத்துக்கொள்கிறது. யூரியா தருவது நைதரசன் மட்டுமே. ஆகவே அதைக் குறைத்து, நன்கு மக்கிய கூட்டெரு இட்டு, மண்ணைச் சருகால் மூடுங்கள். காப்பு வனத்து மண்ணை மட்டும் அள்ளி வர வேண்டாம்.

அடுத்த போகத்தில் கௌபி விதைத்துப் பாருங்கள். அதன் வேர்முடிச்சை நறுக்கும்போது உட்புறம் இளஞ்சிவப்பாக இருந்தால், அங்கு வாழும் றைசோபியம் பற்றீரியா காற்றின் நைதரசனைப் பதித்துக்கொண்டிருக்கிறது, அதாவது செடி பயன்படுத்தும் வடிவுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.