தம்பி மிரளும் இரவில் யாரைக் கூப்பிடுவது?

கேள்வி: என் தம்பிக்கு 27 வயது. மனச்சிதைவுக்கு கீழ்ப்பாக்கத்தில் மருந்து வாங்குகிறோம். கொஞ்ச நாளாக மாத்திரை சாப்பிடுவதில்லை. போன வாரம் ராத்திரி கத்திக்கொண்டே டிவியை உடைத்துவிட்டான். பக்கத்து வீட்டார் 100-க்குப் போன் போட்டுவிட்டார்கள். போலீஸைப் பார்த்ததும் இன்னும் மிரண்டுபோனான். போலீஸ் இல்லாமல் வந்து அழைத்துப்போக அரசு ஏற்பாடு உண்டா? செலவாகுமா?
- வியாசர்பாடி வாசகி

பதில்: போலீஸ் இல்லாமலே கொண்டுபோகலாம், அரசு மருத்துவமனையில் காசும் கேட்க மாட்டார்கள். ஆனால் ஒரே போனில் எல்லாம் முடியாது, இரண்டு மூன்று இடத்தை நீங்கள்தான் இணைக்க வேண்டும்.

முதலில் 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் இது. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தம்பி போனை வாங்காவிட்டாலும் பரவாயில்லை, அவனை எப்படிச் சமாளிப்பது என்று நீங்களே கேட்கலாம். ஆனால் அங்கிருந்து வீட்டுக்கு யாரும் கிளம்பி வர மாட்டார்கள்.

வண்டிக்கு 108. உடல் நோயாளிக்குக் கிடைக்கும் ஆம்புலன்ஸ் அதே தரத்தில் மனநோயாளிக்கும் கிடைக்க வேண்டும் என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம். போனில் பதறாமல் இப்படிச் சொல்லுங்கள்: "தம்பிக்கு மனச்சிதைவு. மாத்திரையை நிறுத்திவிட்டான், தூங்கவே இல்லை. கையில் ஆயுதம் எதுவும் இல்லை. கீழ்ப்பாக்கத்தில் ஓபி சீட்டு இருக்கிறது. ஆம்புலன்ஸ் வேண்டும்." வெறுமனே "கலாட்டா பண்றான்" என்றால், கேட்பவருக்கு அது போலீஸ் விவகாரமாகத்தான் படும். ஆயுதத்தை மட்டும் மறைக்காதீர்கள். கத்தி கையில் இருந்தால் போலீஸையும் கூப்பிட்டே ஆக வேண்டும். அப்போதும் அவனை லாக்கப்பில் வைக்கச் சட்டம் இடம் தரவில்லை. 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோயாக வேண்டும்.

இன்னொரு வழியைப் பலர் யோசிப்பதே இல்லை. உயிருக்கு ஆபத்து என்றாலோ, தனக்கோ பிறருக்கோ பெரிய தீங்கு செய்துகொள்வான் என்றாலோ, பதிவுபெற்ற எந்த டாக்டரும் வீட்டிலேயே அவசர சிகிச்சையைத் தொடங்கலாம். மனநல மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. அதிகபட்சம் 72 மணி நேரம், அதற்குள் மனநல மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். தெருமுனை டாக்டரிடம் இப்போதே பேசி வையுங்கள், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு விளக்கிக்கொண்டிருக்க முடியாது. அப்புறம், வண்டி வரும்வரை என்று கட்டிலோடு சங்கிலி போட்டுவிடாதீர்கள். சட்டம் அதை எந்த வடிவிலும் தடை செய்கிறது.

அவன் சம்மதிக்காவிட்டாலும் அக்கா என்ற முறையில் நீங்கள் விண்ணப்பிக்கலாம். ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மனநலப் பணியாளரோ டாக்டரோ தனித்தனியாகப் பார்த்து, தேவை என்று சொன்னால் 30 நாள்வரை சேர்ப்பார்கள்.

சரி, வாசலுக்கே வரும் குழு ஏன் இல்லை? மாவட்ட மனநலத் திட்டத்துக்கு மத்திய அரசு 60 சதவீதம், மாநிலம் 40 சதவீதம் என்று பணம் போடுகின்றன. அது புறநோயாளிப் பிரிவு, மருந்து, பயிற்சி என்று போகிறது. போனுக்குப் பணம் உண்டு, வார்டுக்கும் உண்டு. உங்கள் வாசலிலிருந்து வார்டு வரைக்கும்தான் யாரும் பொறுப்பில்லை. பட்ஜெட்டில் கேட்க வேண்டியது இதைத்தான் என்பேன். அமெரிக்காவில் யூஜீன் நகரத்தில் 1989-லேயே மருத்துவப் பணியாளரும் ஆலோசகரும் வேனில் வீட்டுக்குப் போனார்கள். இத்தகைய குழுக்களின் செலவில் 85 சதவீதத்தை, வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டு வழியாக மூன்று ஆண்டு மத்திய அரசே ஏற்கும் என்று 2021-ல் சட்டமும் வந்தது. அப்படியும் யூஜீன் நகரச் சேவை 2025-ல் பண நெருக்கடியில் நின்றுபோனது. ஒரு முறை ஒதுக்கினால் போதாது, ஆண்டுதோறும் வர வேண்டும்.

தம்பி தெளிவாக இருக்கும் நாளில், அடுத்த முறை யார் தன்னை அழைத்துப்போக வேண்டும், எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று அவனையே முன்கூட்டிய அறிவுறுத்தலாக எழுதச் சொல்லுங்கள். சட்டப்படி அதைப் பதிவு செய்யும் முறையை மருத்துவமனைச் சமூகப் பணியாளரிடம் கேளுங்கள். ஒரு நகல் ஓபி சீட்டோடு இருக்கட்டும்.